யுஸ்தெடால்: பனியாறு வரிக் கணக்கில் ஏறிய ஒரு முன்னாள் நோர்வே ஊராட்சி (விவாத இழை)

வடதிசை (இழையைத் தொடங்கியவர்)

1963 ஜனவரி 1ஆம் நாள், மேற்கு நோர்வேயில் லுஸ்தர், ஹாஃப்ஸ்லு, யுஸ்தெடால் என்னும் மூன்று கிராம ஊராட்சிகள் ஒன்றாக இணைக்கப்பட்டன. மூன்றிலும் ஆள் குறைந்ததும் பனி மிகுந்ததும் யுஸ்தெடால்தான். புதிய ஊராட்சிக்கு லுஸ்தர் என்ற பெயரே நிலைத்தது. 1838 முதல் 125 ஆண்டுகள் தனக்கெனத் தலைவரையும் மன்றத்தையும் வைத்திருந்த யுஸ்தெடால், அன்றோடு ஆட்சிப் படத்திலிருந்து நீங்கியது. எழுத்தைப் பார்த்தால் "ஜோஸ்டெடால்" என்று படிக்கத் தோன்றும். ஆனால் அந்த ஊரார் "யுஸ்தெடால்" என்பதற்கு நெருக்கமாகவே உச்சரிக்கிறார்கள் என்பதால் அவ்வாறே எழுதுகிறேன்.

நிலத்தின் அமைப்பை முதலில் சொல்லிவிட வேண்டும், ஏனெனில் இவ்வூரின் வரலாறு முழுவதும் அதிலிருந்தே கிளைக்கிறது. நோர்வேயிலேயே மிக நீளமான சொங்னெ ஃபியோர்டு, கடலிலிருந்து 200 கிலோமீட்டருக்கு மேல் நிலத்துக்குள் நுழைந்து செல்கிறது. அதன் உள்முனைக் கிளைதான் லுஸ்த்ரா ஃபியோர்டு. அந்தக் கிளையின் ஓரத்தில் கௌப்னெ என்ற ஊரில் சாம்பல் கலந்த பச்சை நிறத்தில் ஓர் ஆறு வந்து கலக்கும். யுஸ்தெடோலா என்னும் அந்த ஆற்றைப் பிடித்துக்கொண்டு வடக்கே ஏறினால், இருபுறமும் செங்குத்தாக எழும் மலைகளுக்கு நடுவே, சில இடங்களில் ஒரு சாலையும் ஆறும் மட்டுமே செல்லக்கூடிய இடுக்குகளைக் கடந்து, பள்ளத்தாக்கு அகன்றும் சுருங்கியும் போய்க்கொண்டே இருக்கும். மேற்குச் சுவருக்கு மேலே, கண்ணுக்குத் தெரியாத உயரத்தில், ஐரோப்பியப் பெருநிலத்தின் மிகப் பெரிய பனிப்படலமான யுஸ்தெடால்ஸ்பிரேன் கிடக்கிறது. 2019ஆம் ஆண்டு அளவீட்டின்படி அதன் பரப்பு சுமார் 458 சதுர கிலோமீட்டர். அதிலிருந்து நாக்குகளைப் போல நீளும் பனியாறுகள் பக்கப் பள்ளத்தாக்குகளின் வழியே இறங்குகின்றன. க்ருண்டாலென் பள்ளத்தாக்கில் பெர்க்செட்பிரேன் இறங்குகிறது. மியோல்வர் பண்ணைக்கு மேலே நீகார்ட்ஸ்பிரேன் இறங்குகிறது.

மனிதர் வாழத்தக்க நிலம் இங்கே ஆற்றின் இரு கரையிலும் ஒட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய பட்டைதான். மலையும் பனியும் எடுத்துக்கொண்டது போக எஞ்சியதில் பண்ணைகள், அவற்றுக்கு மேலே கோடையில் மாடும் ஆடும் ஓட்டிச் சென்று பால் கறந்து பாலாடைக்கட்டி செய்யும் கோடைப் பட்டிகள், நடுவில் யேர்டெ என்ற சிற்றூர், 17ஆம் நூற்றாண்டில் கட்டிய மரத் தேவாலயம் ஆகியவை அடங்கும்.

இந்த ஊராட்சியைப் பற்றி நான் இழை தொடங்கக் காரணம் ஒன்றே. ஐரோப்பாவில் 'சிறு பனியுகம்' என்று சொல்லப்படும் காலத்தில் பனியாறுகள் எவ்வாறு முன்னேறின என்பதை நாம் இன்று ஆண்டுக் கணக்கோடு அறிந்திருப்பது, பெரும்பாலும் இவ்வூர் விவசாயிகள் வரிக் குறைப்புக் கேட்டு எழுதிய மனுக்களாலும் அவற்றின் மேல் நடந்த கள ஆய்வுகளாலும்தான். அறிஞர்கள் அளவுகோலோடு வருவதற்கு ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே, பனியின் நகர்வு வரிக் கணக்கில் ஏறிவிட்டது.

---

முன்னாள் வட்டாட்சியர்

பயனுள்ள இழை. தொடர்வதற்கு முன் ஒரு சொல் பற்றிப் பேச வேண்டும். நோர்வேயின் 'கொம்யூனெ' என்பதை நம் நாளிதழ்கள் வழக்கமாக 'நகராட்சி' என்றே எழுதுகின்றன. சில நூறு குடிமக்களும் பனிமலையும் மட்டுமே உள்ள ஓர் இடத்தை நகராட்சி என்று சொல்வது படிப்பவரைத் தவறான படத்துக்கு இட்டுச்செல்லும். தாங்கள் 'ஊராட்சி' என்று எழுதியிருப்பது நன்று. ஆனாலும் பள்ளி, முதியோர் கவனிப்பு, ஏழையர் உதவி, நிலப்பயன்பாடு என அதிகாரம் மிக விரிந்தது என்பதால் நம் ஊராட்சியோடு அதை முழுவதும் ஒப்பிடவும் இயலாது.

வருவாய்த் துறையில் பணியாற்றியவன் என்பதால் வரிக் குறைப்பு மனுக்களைப் பற்றி அறிய ஆவல் மிகுதி. வெள்ளத்தால் நிலம் அரித்துப்போனால் 'வஜா', அதாவது வரித் தள்ளுபடி, கேட்டு மனு வரும். நாங்கள் நேரில் சென்று பார்த்து அறிக்கை எழுதுவோம். பனியாற்றுக்கு எப்படி வஜா கொடுத்தார்கள்? யார் போய்ப் பார்த்தார்கள்? அரிப்பு ஒரு முறை நடந்து முடிந்துவிடும், பனி ஆண்டுதோறும் வந்துகொண்டே இருக்குமே?

---

வடதிசை

ஐயா, தங்கள் 'வஜா' என்ற சொல் இதற்கு அப்படியே பொருந்துகிறது. நோர்வே மொழியில் அதற்கு 'அவ்தாக்' என்று பெயர். அக்காலத்தில் நோர்வே டென்மார்க் அரசரின் கீழ் இருந்தது. ஒவ்வொரு பண்ணைக்கும் அதன் விளைதிறனை வைத்து ஒரு வரி மதிப்பு விதிக்கப்பட்டிருந்தது. நிலச்சரிவு, வெள்ளம், பனிச்சரிவு போன்றவற்றால் நிலம் கெட்டால், பண்ணையார் முறையிடுவார். நீதி அலுவலரும் ஊரின் நம்பிக்கைக்குரிய சில விவசாயிகளும் சத்தியப் பிரமாணம் செய்து இடத்தை நேரில் பார்வையிட்டு, எவ்வளவு நிலம் போயிற்று, எவ்வளவு வரி குறைக்கத்தகும் என்று எழுதுவார்கள். அந்தத் தாள்கள் ஆவணக் காப்பகங்களில் இன்றும் உள்ளன.

யுஸ்தெடாலில் இந்த முறையீடுகள் 17ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே தொடங்கிவிட்டன. க்ருண்டாலென் பள்ளத்தாக்கில் பனி முன்னேறி மேய்ச்சல் நிலத்தை மூடியது 1684ஆம் ஆண்டிலேயே பேச்சாகிவிட்டது. ஆனால் உண்மையான பெருந்துன்பம் 18ஆம் நூற்றாண்டின் முன்பகுதியில் வந்தது. 1710க்கும் 1735க்கும் இடைப்பட்ட 25 ஆண்டுகளில் நீகார்ட்ஸ்பிரேன் பனியாறு சுமார் 2800 மீட்டர் முன்னேறியதாகக் கணக்கிடுகிறார்கள். அதாவது ஆண்டுக்குச் சராசரியாக நூறு மீட்டருக்கு மேல். ஒரு விவசாயியின் கண்ணோட்டத்தில் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். சிறுவனாக இருந்தபோது பக்கப் பள்ளத்தாக்கின் உள்ளே, எட்டத்தில் வெண்மையாகத் தெரிந்த ஒன்று, அவன் பண்ணையை ஏற்று நடத்தும் வயதில் வயலின் வேலியருகே வந்து நிற்கிறது.

1742இல் நடந்த கள ஆய்வின்போது பனி நீகார்ட் பண்ணையின் புல்வெளியை எடுத்துக்கொண்டு வீடுகளை நெருங்கியிருந்தது. 1748இல் அது தன் எல்லைக்கு வந்து நின்றது. அதற்குள் நீகார்ட் பண்ணை முழுவதும் அழிந்துவிட்டது. அக்காலத்தில் அங்கே பங்குக் குருவாக இருந்த மத்தியாஸ் ஃபோஸ் தாம் கண்டதை எழுதி வைத்திருக்கிறார். பனி வெறுமனே வீடுகளின் மேல் ஏறவில்லை. தன் படுக்கையிலிருந்து மண்ணையும் சரளையையும் பெரும் பாறைகளையும் முன்னால் தள்ளிக்கொண்டு வந்து, வீடுகளைப் புரட்டி, சிறு சிறு துண்டுகளாக நொறுக்கிவிட்டது என்றும், அங்கு வாழ்ந்தவர் தம் ஆட்களோடும் உடைமைகளோடும் விரைந்து வெளியேற நேர்ந்தது என்றும் அவர் குறிக்கிறார்.

தாங்கள் கேட்ட கடைசிக் கேள்வி மிக முக்கியமானது. பனி வந்துகொண்டே இருந்ததால், ஒரு முறை கொடுத்த குறைப்பு போதாமல், ஒரே பகுதிக்கு மறுபடியும் ஆய்வு நடத்த வேண்டியிருந்தது. இந்தத் திரும்ப வரும் ஆய்வுகளே இன்று நமக்கு அளவுகோலாக அமைகின்றன. இந்த ஆண்டில் பனி இங்கே, அந்த ஆண்டில் அங்கே என்று அவற்றை அடுக்கினால், பனியாறு நகர்ந்த வேகம் தானாகவே தெரிந்துவிடுகிறது.

---

முன்னாள் வட்டாட்சியர்

மிக்க நன்றி. நேரில் சென்று பார்த்து எழுதும் அறிக்கை எவ்வளவு காலம் நிற்கும் என்பதற்கு இதைவிட ஒரு சான்று வேண்டியதில்லை. எழுதியவர் அதை வரிக்காகத்தான் எழுதினார். ஆனால் இடத்தையும் தூரத்தையும் உண்மையாகக் குறித்தார். என் பணிக்காலத்தில் இளம் அலுவலர்கள் அலுவலகத்தில் அமர்ந்தபடியே அறிக்கை எழுத முற்படும்போதெல்லாம் நான் மனம் வருந்தியதுண்டு. இந்தச் செய்தி அப்போது எனக்குத் தெரிந்திருந்தால் அவர்களுக்குச் சொல்லியிருப்பேன்.

---

நிலவியல் மாணவி

இழையைத் தொடங்கியவர் 'சிறு பனியுகம்' என்று குறிப்பிட்டதில் ஒரு நுட்பத்தைச் சேர்க்க விரும்புகிறேன், ஏனெனில் பலரும் இதைத் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். பனியாறு முன்னேறினால் கடுங்குளிர் வந்ததாகப் பொருள் என்று எண்ணுவது இயல்பு. யுஸ்தெடால்ஸ்பிரேன் போன்ற, கடலுக்கு அருகிலுள்ள பனிப்படலங்களுக்கு அது முழு உண்மையாகாது. இவை ஒரு வங்கிக் கணக்கைப் போன்றவை. மழைக்காற்று அட்லாண்டிக் பெருங்கடலிலிருந்து கொண்டுவரும் ஈரம் குளிர்காலத்தில் பனியாகப் பெய்து வரவாகிறது; கோடையில் உருகுவது செலவாகிறது. கோடை சற்றே வெப்பமாக இருந்தாலும், குளிர்காலம் மிதமாகவும் ஈரம் மிகுந்தும் இருந்தால் வரவு செலவை விஞ்சிவிடும். 18ஆம் நூற்றாண்டின் முன்பகுதியில் நிகழ்ந்த பெரும் முன்னேற்றத்துக்கு, கோடைக் குளிரைவிடக் குளிர்காலப் பனிப்பொழிவின் மிகுதியே முதன்மைக் காரணம் என்று நோர்வே ஆய்வாளர்கள் வாதிட்டிருக்கிறார்கள்.

இதற்கு நம் காலத்திலேயே ஒரு நேர்ச்சான்று உண்டு. உலகமெங்கும் பனியாறுகள் சுருங்கிக்கொண்டிருந்த 1990களில், நீகார்ட்ஸ்பிரேன் சில ஆண்டுகள் முன்னேறியது. 1989 முதல் 1995 வரை மேற்கு நோர்வேயில் குளிர்காலப் பனி வழக்கத்தைவிடப் பெரிதும் மிகுந்திருந்தது. அந்தப் பனியின் எடை சில ஆண்டுகள் கழித்து நாக்கின் நுனியில் வந்து தெரிந்தது. 2000க்குப் பின் நிலைமை தலைகீழாகிவிட்டது. அது வேகமாகப் பின்வாங்குகிறது.

இந்த வரவு செலவைக் கணக்கிடுவதற்காக நோர்வேயின் நீர்வளத் துறை 1962 முதல் ஆண்டுதோறும் நீகார்ட்ஸ்பிரேனில் பனியின் தடிமனையும் உருகலையும் அளந்துவருகிறது. நுனியின் இடத்தை அளக்கும் பணி 19ஆம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளிலேயே தொடங்கிவிட்டது. வரி ஆவணம், ஓவியம், நேரடி அளவீடு ஆகிய மூன்றும் ஒரே பனியாற்றுக்குத் தொடர்ச்சியாகக் கிடைப்பது அரிது. ஓவியம் என்று சொன்னது யோஹான் கிறிஸ்தியான் டால் 1844இல் வரைந்த நீகார்ட்ஸ்பிரேன் ஓவியத்தை. அதில் பனி இன்றைய ஏரியின் இடம் முழுவதையும் நிரப்பிக்கொண்டு நிற்பதைப் பார்க்கலாம்.

---

கதைகேட்பவன்

வரலாற்றாளர்களுக்கு நடுவே ஒரு கதையோடு வருகிறேன். யுஸ்தெடால் என்றதும் நோர்வேக்காரர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது பனியாறு அன்று. 'யுஸ்தெடாலின் ரீபெ' என்ற சிறுமியின் கதைதான். ரீபெ என்பது பனிக்கோழி, மலையில் வாழும் வெட்கம் மிகுந்த பறவை.

1349இல் கொள்ளைநோய் பெர்கன் துறைமுகத்தில் இறங்கி மேற்கு நோர்வேயெங்கும் பரவியபோது, சொங்ன் பகுதியைச் சேர்ந்த சில குடும்பங்கள் நோய் எட்டாது என்று நம்பி இந்தப் பள்ளத்தாக்கின் உள்ளே சென்று குடியேறினவாம். வெளியிலிருந்து எவரும் வரக்கூடாது, செய்தி இருந்தால் ஒரு குறிப்பிட்ட கல்லின் அடியில் கடிதமாக வைத்துவிட்டுப் போக வேண்டும் என்று ஏற்பாடு. அப்படியும் நோய் நுழைந்தது. ஒரு சிறுமியைத் தவிர அனைவரும் இறந்தனர். பின்னொரு நாளில் பக்கத்து ஊரார், மாடு தேடியோ வேறு காரணத்தாலோ உள்ளே வந்தபோது, மனிதரைக் கண்டால் பறவையைப் போல ஓடி ஒளியும் ஒரு பெண்ணைக் கண்டார்கள். அவளைப் பிடித்து வளர்த்து, மணம் செய்து வைத்தார்கள். அவள் வழிவந்தவர்கள் 'ரீபெ குலத்தார்' எனப்பட்டனர்.

கல்லின் அடியில் வைத்த கடிதம்தான் எனக்கு இதில் மறக்க முடியாதது. உயிரோடிருக்கும் இருவர், தொட்டால் சாவு என்று அஞ்சி, ஒரு கல்லை நடுவில் வைத்துப் பேசிக்கொள்கிறார்கள். 2020இல் எங்கள் தெருவில் கதவுக்கு வெளியே பாலையும் காய்கறியையும் வைத்துவிட்டுப் பத்தடி தள்ளி நின்று குரல் கொடுத்தவர்களை நினைத்துக்கொண்டேன்.

இன்னொன்று. நீகார்ட்ஸ்பிரேன் என்பதற்கு 'ஒன்பது பண்ணைகளின் பனியாறு' என்று பொருள் என்றும், பனி ஒன்பது பண்ணைகளை விழுங்கியதால் அப்பெயர் வந்தது என்றும் ஒரு பயணக் குறிப்பில் படித்தேன். அதையும் சேர்த்துக்கொள்ளலாமா?

---

வடதிசை

அன்பரே, அந்தக் கடைசிச் செய்தியைச் சேர்க்க வேண்டாம். நோர்வே மொழியில் 'நீ' என்றால் ஒன்பது என்பது உண்மை. அதனால்தான் இந்தப் பிழை சுற்றுலாப் பயணிகளிடையே பரவியிருக்கிறது. ஆனால் 'நீகார்ட்' என்பது மேற்கு நோர்வேயில் பல ஊர்களில் வழங்கும் ஒரு பண்ணைப் பெயர். 'கீழ்ப் பண்ணை' என்பதே அதன் பொருள். நம் ஊர்களில் கீழவீடு, மேலவீடு என்பதைப் போல. பனி அழித்தது அந்தப் பெயருடைய ஒரு பண்ணையை. அருகிலுள்ள மியோல்வர் போன்றவை நிலத்தை இழந்தன, ஆனால் பிழைத்தன. இந்த ஒரு பண்ணையின் அழிவே போதிய துயரம்; அதை ஒன்பதாக்க வேண்டியதில்லை.

சிறுமியின் கதையைப் பொறுத்தவரை, எழுத்தில் நமக்கு அதைத் தந்தவரும் அதே மத்தியாஸ் ஃபோஸ்தான். கொள்ளைநோய்க்கும் அவருக்கும் இடையே ஏறத்தாழ 400 ஆண்டுகள். கொள்ளைநோயில் தப்பிய ஒற்றைக் குழந்தை என்ற கதை நோர்வேயின் வேறு பள்ளத்தாக்குகளிலும் உண்டு. எனவே அதை நடந்த நிகழ்ச்சியாகக் கொள்ளத் தயங்குகிறேன். ஆனால் அதற்கு அடியில் உள்ள நிலைமை பொய்யன்று. 14ஆம் நூற்றாண்டின் நோய்க்குப் பிறகு நோர்வேயின் உயரமான, ஓரத்துப் பள்ளத்தாக்குகளில் எண்ணற்ற பண்ணைகள் ஆளில்லாமல் வெறிச்சோடின. இறந்தவர் போக எஞ்சியவர்கள் கடலோரத்தின் நல்ல நிலங்களுக்கு இறங்கிவிட்டார்கள். அந்தப் பண்ணைகளில் மீண்டும் புகை எழ 200 ஆண்டுகளும் அதற்கு மேலும் ஆயின. இதையும் பனியாற்றையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு கொடுமை தெரியும். கைவிட்ட நிலங்களைத் திரும்பவும் வெட்டித் திருத்தி, மக்கள் பெருகி, பண்ணைகள் பங்கு பிரிந்து, கடைசிப் புல்வெளி வரை பயன்பாட்டுக்கு வந்துவிட்ட வேளையில்தான் பனி இறங்கியது.

---

பெர்கன்வாசி

நான் பெர்கனில் முப்பது ஆண்டுகளாக வாழ்கிறேன். யுஸ்தெடாலுக்கு மூன்று முறை சென்றிருக்கிறேன். இழை பெரும்பாலும் பனியைப் பற்றியே போகிறது. ஊராட்சி என்ற தலைப்புக்குத் திரும்ப வேண்டும் என்று கருதுகிறேன்.

நோர்வேயின் ஊராட்சிகள் 1837 ஜனவரியில் இயற்றிய சட்டத்தால் பிறந்தவை. தேவாலயப் பங்கின் எல்லையே பெரும்பாலும் ஊராட்சியின் எல்லையாயிற்று. யுஸ்தெடாலைப் பொறுத்தவரை அந்த எல்லையை மனிதர் வகுக்கத் தேவையே இருக்கவில்லை. நீர் எங்கே பிரிகிறதோ அங்கே ஊரும் பிரிந்தது. வாக்குரிமை முதலில் சொத்துள்ள ஆண்களுக்கு மட்டும். 1910இல்தான் உள்ளாட்சித் தேர்தல்களில் பெண்கள் அனைவருக்கும் அது கிடைத்தது. 20ஆம் நூற்றாண்டின் நடுவில் நாட்டில் 740க்கு மேற்பட்ட ஊராட்சிகள் இருந்தன. போருக்குப் பின் ஒன்பது ஆண்டுப் பள்ளி, மருத்துவம், சாலை என அரசு உள்ளூரிடம் எதிர்பார்த்தது பெருகியது. சில நூறு பேரின் வரியில் அவற்றைச் செய்ய இயலாது. நிகொலாய் ஷெய் தலைமையில் 1946இல் அமைந்த குழு இணைப்புகளைப் பரிந்துரைத்தது. 1967க்குள் எண்ணிக்கை 454 ஆகக் குறைந்தது. அந்த அலையில்தான் யுஸ்தெடால் போயிற்று.

என் கருத்து இது: இணைப்பு தவறு. காரணம் பணம். யுஸ்தெடாலின் மேல் பகுதியிலுள்ள ஸ்திக்கவாத்நெ ஏரியை அணைகட்டித் தேக்கி, ஆயிரம் மீட்டருக்கு மேற்பட்ட உயரத்திலிருந்து நீரை விழவைத்து மின்சாரம் எடுக்கும் யுஸ்தெடால் மின்நிலையம் 1989இல் இயங்கத் தொடங்கியது. நோர்வேயில் நீர்மின் திட்டம் உள்ள ஊராட்சிக்குச் சொத்து வரி, இயற்கை வள வரி, சலுகை விலையில் மின்சாரம் என ஆண்டுதோறும் நிலையான வருமானம் உண்டு. தனி ஊராட்சியாக இன்னும் 26 ஆண்டுகள் தாக்குப்பிடித்திருந்தால், யுஸ்தெடால் தலைக்கணக்கில் நாட்டின் செல்வமான ஊராட்சிகளுள் ஒன்றாகியிருக்கும். ஹார்டாங்கரிலுள்ள ஐட்ஃபியோர்டைப் பாருங்கள். 1964இல் அதையும் உல்லென்ஸ்வாங்குடன் இணைத்தார்கள். மக்கள் விடாமல் போராடி 1977இல் மீண்டும் தனி ஊராட்சியானார்கள். 1980இல் அங்கே சீமா மின்நிலையம் திறக்கப்பட்டது. ஆயிரம் பேர் அளவிலான அந்த ஊரின் வசதிகளைப் பார்க்கும் எவரும் பொறாமை கொள்வர்.

---

முன்னாள் வட்டாட்சியர்

பெர்கன்வாசி அவர்களின் வாதம் கேட்க வலிமையாக இருக்கிறது, ஆனால் எனக்கு உடன்பாடில்லை. ஆறு கௌப்னெயில்தான் கடலை அடைகிறது. அணை மேலே இருந்தாலும் அதன் விளைவைக் கீழே உள்ளவரும் அனுபவிக்கிறார்கள். ஆற்றின் வருமானத்தை மேலே இருக்கும் சில நூறு பேர் மட்டும் பெறுவது நியாயமாகுமா? ஒரே பள்ளத்தாக்கின் நீரை ஒரே ஊராட்சி ஆள்வதுதான் முறை என்று எனக்குத் தோன்றுகிறது.

---

பெர்கன்வாசி

ஐயா, நியாயம் என்ற முறையில் தாங்கள் சொல்வதை ஏற்கிறேன். ஆனால் முடிவெடுக்கும் மேசையில் யார் அமர்ந்திருந்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். தனி மன்றம் இருந்திருந்தால், எந்த ஓடையைத் திருப்பலாம், எந்தக் கோடைப் பட்டியை விட்டுவிட வேண்டும் என்று பேசும்போது பள்ளத்தாக்கின் குரலே முதற்குரலாக இருந்திருக்கும். இணைந்த பின்னர் அது பல குரல்களுள் ஒன்றாயிற்று. எனினும் தாங்கள் சொன்ன பிறகு, வருமானத்தைப் பற்றி நான் எழுதியதைச் சற்றுத் தளர்த்திக்கொள்கிறேன். இன்றைய லுஸ்தர் ஏறத்தாழ 2700 சதுர கிலோமீட்டரில் சுமார் ஐயாயிரம் பேர் பரந்து வாழும் ஊராட்சி. அத்தனை சாலைகளையும் பள்ளிகளையும் அவர்கள் நடத்த முடிவதற்கு அந்த மின்சாரமும் ஒரு காரணம்தான்.

---

நிலவியல் மாணவி

ஆறு கீழே உள்ளவர்களையும் தொடுகிறது என்ற கருத்துக்கு 1979 ஆகஸ்டு வெள்ளத்தைச் சான்றாகச் சொல்லலாம். வெப்பமான நாள்களில் பனியாறுகள் உருகி ஆறு ஏற்கெனவே நிறைந்திருந்த நேரத்தில் கனமழையும் சேர்ந்துகொண்டது. யுஸ்தெடோலா சாலைகளையும் பாலங்களையும் வயல்களையும் அடித்துச் சென்றது. அதன் பிறகே ஆற்றின் கரைகளில் பெரிய தடுப்புகள் எழுந்தன. பனியாற்று ஆறுகளின் இயல்பு நமக்குப் பழக்கமான ஆறுகளுக்கு நேர்மாறானது என்பதைக் கவனியுங்கள். கோடையின் உச்சத்தில்தான் அவை நிறையும். ஒரே நாளில்கூடப் பிற்பகலில் ஏறி, இரவு குளிர்ந்தபின் வடியும்.

பள்ளத்தாக்கின் மேல்முனையில், ஃபோபெர்க் பண்ணைக்கு அப்பால், ஆறு பல இழைகளாகப் பிரிந்து சரளைச் சமவெளியில் ஓடும் ஓர் இடம் உண்டு. ஃபோபெர்க்ஸ்தோல்ஸ்கிராண்டானெ என்ற நீண்ட பெயர் அதற்கு. நோர்வேயின் பெருநிலத்தில் இவ்வகையில் மிகப் பெரியவற்றுள் ஒன்று. இன்று ஓடும் வழியில் ஆறு நாளை ஓடாது. வரைபடத்தில் அதை ஒரே கோடாக வரைவது பொய்.

அணை கட்டியதன் ஒரு விளைவையும் குறிப்பிட்டாக வேண்டும். ஸ்திக்கவாத்நெ ஏரியில் அவுஸ்டால்ஸ்பிரேன் என்ற பனியாறு நேரே வந்து முடிகிறது. ஏரியின் நீர்மட்டம் உயர்த்தப்பட்டதும், பனியின் நுனி ஆழமான நீரில் நின்று, பெரும் துண்டுகளாக உடைந்து விழுவது மிகுந்தது.

---

கதைகேட்பவன்

ஒரு சந்தேகம். மேற்கே பனிப்படலம் சுவராக நின்றதென்றால், அந்தப் பக்கத்து மக்களோடு இவர்களுக்குத் தொடர்பே இருந்திருக்காது அல்லவா?

---

வடதிசை

அப்படித்தான் நானும் எண்ணியிருந்தேன். உண்மை அதற்கு மாறானது. சாலைகள் வருமுன் பனிப்படலமே வழியாகப் பயன்பட்டது. கீழே இடுக்குகளிலும் ஆற்றங்கரைகளிலும் இடறி நடப்பதைவிட, மேலே கோடையில் இறுகிக் கிடக்கும் பனியின்மீது நடப்பது சில இடங்களில் எளிது, தூரமும் குறைவு. மேற்கே நூர்ஃபியோர்டு பகுதி விவசாயிகள் மாடுகளையும் குதிரைகளையும் பனியின் மேல் ஓட்டிக்கொண்டு இந்தப் பள்ளத்தாக்கின் தலைப்பில் இறங்கி, அங்கிருந்து கிழக்கு நோர்வேயின் சந்தைகளுக்குக் கொண்டு சென்றார்கள். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை இது நடந்திருக்கிறது. முன்னே ஒருவர் கழியால் பனியைக் குத்திப் பிளவுகளைத் தேட, பின்னே மாடுகள் வரிசையாக நடப்பதை எண்ணிப் பாருங்கள். பனி மெலிந்து, ஏறும் வாய்கள் செங்குத்தாகி, பிளவுகள் திறந்துகொண்ட பிறகுதான் அந்த வழி மூடிப்போயிற்று. பனி குறைந்ததால் தொடர்பு அற்றது என்பதைப் பலர் நம்ப மறுக்கிறார்கள்.

---

பெர்கன்வாசி

நீகார்ட் பண்ணை இருந்த இடத்தை இன்று பார்க்க இயலுமா என்று தனிச் செய்தியில் ஒருவர் கேட்டிருந்தார். நான் சென்றபோது பிரேஹெய்ம் காட்சி மையத்திலிருந்து நேரே ஏரிக்கு ஓட்டிச் சென்றுவிட்டேன். வழியில் எதையும் கவனிக்கவில்லை. 1993இல் திறந்து, 2011இல் தீக்கிரையாகி, 2013இல் மீண்டும் எழுந்த அந்த மையத்தில் விளக்கப் படங்கள் இருந்தன, ஆனால் இடம் எனக்கு விளங்கவில்லை. வடதிசை அவர்கள் விளக்கினால் நன்று.

---

வடதிசை

காரில் போனால் தவறிவிடும். நடந்து போக வேண்டும். சென்ற ஆண்டு செப்டம்பரில் நான் அவ்வாறே நடந்தேன்.

காட்சி மையத்தின் அருகே, பள்ளத்தாக்கின் குறுக்கே வளைந்து கிடக்கும் ஒரு தாழ்ந்த மேடு உண்டு. பிர்ச் மரங்கள் அடர்ந்து, கற்களின் மேல் பாசி படர்ந்து, பார்ப்பதற்கு இயல்பான ஒரு காட்டுத் திட்டு போலவே இருக்கும். அதுதான் 1748இல் பனி தள்ளிக்கொண்டு வந்து விட்டுப்போன எல்லை மேடு. அதன் வெளிப்புறத்தில் பழைய மண். உட்புறத்தில் கால் வைத்த நொடியிலிருந்து, பனியின் அடியில் கிடந்த நிலம். நீகார்ட் பண்ணை அந்த உட்புறத்தில்தான் இருந்தது. சுவரோ அடித்தளமோ எதுவும் மிஞ்சவில்லை. ஃபோஸ் காலத்தில் மரத் துண்டுகளாவது கிடந்தன. இன்று உருண்டு மழுங்கிய கற்களே உள்ளன.

அங்கிருந்து பனியை நோக்கி நடந்தால் மேடுகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். பனி பின்வாங்கும் வழியில் எங்கெல்லாம் சில ஆண்டுகள் நின்றதோ அங்கெல்லாம் ஒரு மேடு. உள்ளே போகப் போக மரங்கள் குட்டையாகின்றன; பாசி மெலிகிறது; கல்லில் ஒட்டி மெல்ல வளரும் கற்பாசி (லைக்கன்) வட்டங்கள் சிறுத்துக்கொண்டே வருகின்றன. ஆய்வாளர்கள் அந்த வட்டங்களின் விட்டத்தை அளந்தே மேடுகளின் வயதைக் கணிக்கிறார்கள். நான் கைவிரலை வைத்துப் பார்த்தேன்: வெளி மேட்டில் உள்ளங்கை அளவு, நடுவில் ஒரு நாணய அளவு, ஏரிக்கு அருகே மிளகளவு. பிறகு அதுவும் இல்லை. வெறும் பாறை, பனி தேய்த்த கீறல்களோடு.

ஏரி தோன்றியது 20ஆம் நூற்றாண்டில்தான். 1930களில் பனியின் நுனி அதன் வெளிக்கரையில் நின்றது. 1960களின் இறுதிக்குள் ஏரியின் உட்கரைக்குப் பின்வாங்கிவிட்டது. இன்று நுனி அதற்கும் மேலே பாறைச் சரிவில் தொங்குகிறது. எல்லை மேட்டிலிருந்து அங்குவரை நான்கு கிலோமீட்டருக்கு மேல். நீரில் கையை விட்டு எடுத்தேன். காய்ந்தபின் விரலிடுக்குகளில் சாம்பல் நிறத்தில் மாவு போன்ற ஒரு படிவு நின்றது, பனி அரைத்த பாறை.

திரும்பும் வழியில் 1748 மேட்டின் வெளிப்புறத்தில் ஒரு புல்வெளியைப் பார்த்தேன். புதிதாக அறுத்த புல்லை வெள்ளைப் பொதிகளாகச் சுற்றி அடுக்கியிருந்தார்கள். பனி வந்து நின்ற இடத்துக்கும் அந்தப் பொதிகளுக்கும் இடையே ஒரு மாட்டுவேலி மட்டும் இருந்தது.